பெரியம்மா ஏன் இருபது நிமிஷம் கையைத் தூக்கிக்கொண்டு படுத்திருந்தார்?

பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி நின்றுவிட்டால் யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. அந்த வீட்டு வாசலைத் தாண்டும்போது சத்தம் வராது, அவ்வளவுதான். காஞ்சிபுரத்தில் பிறந்தவர்களுக்கு அந்தச் சத்தம் மின்விசிறி ஓடுவது மாதிரி. ஓடும்போது காதில் விழாது. நின்றால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

2019 அக்டோபரில் அப்படி ஒரு தறி ஒரே வாரத்தில் இரண்டு நாள் நின்றது. செவ்வாய்க்கிழமை ஒரு நாள், வியாழக்கிழமை ஒரு நாள். தறிக்கு ஒன்றும் ஆகவில்லை. பாவு இருந்தது, பட்டு இருந்தது, ஜரிகை இருந்தது. பெரியப்பாவும் இருந்தார். பெரியம்மா மட்டும் ஊரில் இல்லை.

பெரியம்மா இல்லாவிட்டால் தறி ஏன் நிற்க வேண்டும்? நெய்தது கோர்வைப் புடவை. உடம்புக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். இரண்டு ஊடையும் சேரும் இடத்தில் ஒன்றோடொன்று கோர்த்துத் திரும்ப வேண்டும். அதற்கு மூன்று நாடா ஓட வேண்டும், ஒரு ஆளுக்கு இரண்டு கைதான். அதனால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக் கொடுப்பார். அந்த வீட்டில் அந்த இன்னொருவர் பெரியம்மாதான். மீதி நேரத்தில் ராட்டையில் தார் சுற்றுவதும், சமைப்பதும், மற்ற எல்லாமும் அவரேதான்.

அந்த இரண்டு நாளும் அவர் சென்னைக்கு பெட் ஸ்கேன் எடுக்கப் போயிருந்தார். கூடப் போனவன் அவருடைய தங்கை மகன். சென்னையில் மருத்துவ இயற்பியல் படித்துக்கொண்டிருந்தவன். "நம்ம வீட்லயே ஒருத்தன் அதான் படிக்கிறான், அவன் கூட வந்தா போதும்" என்று பெரியப்பா சொல்லிவிட்டார். படிப்பதற்கும் ஸ்கேன் சென்டர் கவுன்ட்டரில் டோக்கன் வாங்குவதற்கும் சம்பந்தமில்லை என்பது அவனுக்குத் தெரியும். பெரியப்பாவிடம் அதைச் சொல்ல முடியாது :-)

கற்பூர டப்பா

போன வருஷம் பெரியம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய்க்காக வலது பக்கம் ஆபரேஷன் நடந்திருந்தது. சிகிச்சை முடிந்து ஓரளவு தேறி, ராட்டைக்குத் திரும்பியிருந்தார். இப்போது ஏதோ ஒரு சந்தேகம். உடம்பு முழுக்க ஒரு முறை பார்த்துவிடலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் கிளம்பினார்கள். முந்தின ராத்திரி சாப்பிட்டதுதான், காலையில் காபிகூட இல்லை. பத்து மணிக்கு சென்டர். பதினொன்றரை மணிக்கு ஒரு பெண் வந்து சொன்னார்: "மருந்து இன்னிக்கு லேட்டா வந்துச்சும்மா. லிஸ்ட்ல முன்னாடி இருக்கறவங்களுக்கே சரியாப் போச்சு. வியாழக்கிழமை வாங்க."

பெரியம்மாவுக்குப் புரியவில்லை. "லேட்டா வந்தா என்னடா? வந்துடுச்சு இல்ல? அத்தனை பெரிய பெட்டி இருக்குது, எனக்கு ஒரு ஊசி இல்லையா?"

அவன் ஹோட்டலில் இட்லி வாங்கிக் கொடுத்துவிட்டு விளக்கினான். அந்த மருந்து சர்க்கரை மாதிரி ஒரு பொருள், பெயர் எஃப்.டி.ஜி. அதில் ஃப்ளோரின்-18 என்ற கதிரியக்க அணு ஒட்டியிருக்கும். வேகமாக வளரும் செல்கள் சர்க்கரையை அதிகம் தின்னும், அதனால் இந்தப் பொய்ச் சர்க்கரையும் அங்கே போய்ச் சேரும். பிரச்சினை என்னவென்றால் ஃப்ளோரின்-18-க்கு அரை ஆயுள் 110 நிமிஷம். சைக்ளோட்ரானில் செய்து குப்பியில் அடைத்த நிமிஷத்திலிருந்து குறைய ஆரம்பித்துவிடும். 110 நிமிஷத்தில் பாதி, இன்னொரு 110 நிமிஷத்தில் அதில் பாதி. குப்பியில் தண்ணீர் அளவு அப்படியே இருக்கும். உள்ளே இருக்கும் சக்திதான் இருக்காது.

பெரியம்மா கொஞ்ச நேரம் யோசித்தார். "கற்பூர டப்பாவைத் திறந்து வெச்ச மாதிரியா?"

நான்கு வருஷம் புத்தகத்தில் படித்ததை இதைவிடச் சுருக்கமாக யாரும் அவனுக்குச் சொன்னதில்லை. ஆமாம், கற்பூரம் மாதிரிதான். யாரும் எடுக்கவில்லை, யாரும் ஏற்றவில்லை, ஆனாலும் குறைந்துகொண்டே இருக்கும்.

கையைத் தூக்கு

வியாழக்கிழமை மருந்து சரியான நேரத்துக்கு வந்தது. ஊசி போட்டு, ஒரு அறையில் ஒரு மணி நேரம் தனியாக உட்கார வைத்தார்கள். பேசக் கூடாது, நடக்கக் கூடாது. தசை வேலை செய்தால் சர்க்கரை அங்கே போய்விடும். பிறகு மேஜையில் படுக்க வைத்து, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொள்ளச் சொன்னார்கள்.

வலது பக்கம் ஆபரேஷன் ஆனவருக்குக் கையைத் தலைக்கு மேலே தூக்குவது எவ்வளவு கஷ்டம் என்று அந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். அதற்கு மேல் முப்பது வருஷமாக ராட்டை சுற்றிய தோள். முதல் ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொண்டார். பத்து நிமிஷத்தில் கை நடுங்க ஆரம்பித்தது. ஆடக் கூடாது என்று ஸ்பீக்கரில் குரல் வந்தது. மொத்தம் இருபது நிமிஷம் ஆயிற்று.

ரிப்போர்ட்டில் பெரிய பயம் ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு வரி இருந்தது. வலது தோள் பக்கத்தில் ஒரு சிறிய இடம் தெளிவாக இல்லை, நோயாளி அசைந்ததால் இருக்கலாம், மூன்று மாதம் கழித்து மறுபடியும் எடுத்துப் பார்க்கவும்.

"இருக்கலாம்" என்ற ஒரு சொல். அதை வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் மூன்று மாதம் வாழ வேண்டும்.

பஸ்ஸில் திரும்பும்போது பெரியம்மா இரண்டு கேள்வி கேட்டார். ஒன்று: "ஏன்டா அவ்ளோ நேரம் படுக்கணும்? எக்ஸ்ரே ஒரு நொடியில எடுக்கறான்." இரண்டு: "இந்த மிஷின் நம்ம ஊருக்கு வராதா?"

இரண்டு கேள்விக்கும் கிட்டத்தட்ட ஒரே பதில்தான். ஆனால் அதைச் சொல்ல கொஞ்சம் சுற்றி வர வேண்டும்.

கண்ணை மூடிக்கொண்டு தறியைக் கண்டுபிடிப்பது

எக்ஸ்ரேயில் வெளியே ஒரு விளக்கு இருக்கிறது, உடம்பின் நிழல் விழுகிறது. விளக்கு எவ்வளவு பிரகாசமாக வேண்டுமோ அவ்வளவு வைத்துக்கொள்ளலாம், ஏனென்றால் ஒரு நொடிதான். பெட் ஸ்கேனிலும் காமா கேமராவிலும் விளக்கு உடம்புக்கு உள்ளே இருக்கிறது. அதை ரொம்பப் பிரகாசமாக வைக்க முடியாது, அது ஒரு மனிதருடைய உடம்பு. ஆகவே மங்கலாகத்தான் வைப்பார்கள். வெளியே வரும் காமா கதிர்களை ஒவ்வொன்றாகப் பிடித்து எண்ண வேண்டும். போதுமான எண்ணிக்கை சேரும் வரை படுத்திருக்க வேண்டும். பெரியம்மா படுத்திருந்தது அந்த எண்ணிக்கைக்காக.

காமா கதிரை எப்படிப் பிடிப்பது? அது கண்ணுக்குத் தெரியாது, லென்ஸில் வளையாது. அதன் வழியில் ஒரு படிகத்தை வைத்தால், படிகத்துக்குள் ஒரு சின்ன மின்மினி வெளிச்சம் வரும். 1948-ல் ராபர்ட் ஹாஃப்ஸ்டாட்டர், தாலியம் சேர்த்த சோடியம் அயோடைடு படிகம் இந்த வேலையை நன்றாகச் செய்யும் என்று காட்டினார். பத்து வருஷம் கழித்து கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் ஹால் ஆங்கர் என்பவர், ஒரே படிகத்தின் பின்னால் ஏழு ஒளி டியூப்களை ஒட்டி முதல் காமா கேமராவை உருவாக்கினார்.

ஆங்கரின் யுக்தி பிள்ளையார்பாளையத்துக்காரர்களுக்கு உடனே புரியும். தெருவில் ஏழு பேரைக் கண்ணைக் கட்டி ஏழு இடத்தில் நிறுத்துங்கள். ஏதோ ஒரு வீட்டில் தறி ஒரு முறை அடிக்கிறது. ஒவ்வொருவரும் தனக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்டது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்றாவது ஆளுக்கு ரொம்பச் சத்தம், நான்காவது ஆளுக்குப் பாதி, மற்றவர்களுக்கு லேசாக என்றால், தறி மூன்றாவது ஆளுக்கும் நான்காவது ஆளுக்கும் நடுவில், மூன்றாமவர் பக்கமாக இருக்கிறது. யாருமே வீட்டைப் பார்க்கவில்லை, ஆனால் வீட்டு நம்பர் கிடைத்துவிட்டது. படிகத்துக்குள் வெளிச்சம் எங்கே வந்தது என்பதை இப்படித்தான் கணக்குப் போட்டார் ஆங்கர். இன்றைக்கும் காமா கேமராக்களில் அதே கணக்குதான்.

பெட் ஸ்கேனில் இதைவிட ஒரு வசதி. ஃப்ளோரின்-18 விடும் பாசிட்ரான், பக்கத்திலேயே ஒரு எலக்ட்ரானோடு மோதி அழியும்போது இரண்டு காமா கதிர்கள் நேர் எதிர்த் திசையில் கிளம்பும். உடம்பைச் சுற்றி வளையமாகப் படிகங்களை அடுக்கி வைத்தால், ஒரே நேரத்தில் எதிரெதிரே இரண்டு மின்மினி அடிக்கும். இரண்டையும் இணைக்கும் கோட்டில் எங்கேயோ அந்த அணு இருந்தது என்று அர்த்தம். இந்தியாவில் முதல் பெட் கருவி 2002-ல் மும்பை பரேலில் உள்ள கதிர்வீச்சு மருத்துவ மையத்தில் வந்தது.

ஒருத்தர் நாலு பேரிடம் சொன்னால்...

சரி, மின்மினி வெளிச்சத்தை மின்சாரமாக மாற்றுவது யார்? ரொம்ப காலமாக அந்த வேலையைச் செய்தது ஃபோட்டோமல்டிப்ளையர் டியூப். பழைய வால்வு ரேடியோவின் உறவுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்றே இல்லாத கண்ணாடிக் குழாய். முன்பக்கம் ஒளி பட்டால் ஒரு எலக்ட்ரான் வெளியே வரும். அது ஒரு தகட்டில் மோதி நாலு எலக்ட்ரானைக் கிளப்பும், அந்த நாலும் அடுத்த தகட்டில் மோதி பதினாறு.

ஊர் வதந்தி மாதிரிதான். ஒருத்தர் நாலு பேரிடம் சொல்கிறார், அந்த நாலு பேர் ஆளுக்கு நாலு பேரிடம். பத்தாவது சுற்றில் பத்து லட்சம் பேருக்குத் தெரிந்துவிடும் (கணக்குப் போட்டுப் பாருங்கள், சரியாக 10,48,576). ஒரே ஒரு எலக்ட்ரானிலிருந்து அளக்கக்கூடிய மின்துடிப்பு கிடைத்துவிடுகிறது.

அருமையான கருவிதான், அரை நூற்றாண்டுக்கு மேல் சளைக்காமல் உழைத்தது. ஆனால் சில தொல்லைகள். சுமார் ஆயிரம் வோல்ட் கொடுக்க வேண்டும். கண்ணாடி, உடையும். பருமன் அதிகம், ஆகவே ஒவ்வொரு சின்னப் படிகத்துக்கும் ஒரு டியூப் என்று வைக்க முடியாது. வெற்றிடத்தில் எலக்ட்ரான் பறந்து போவதால் பக்கத்தில் காந்தம் இருந்தால் வழி தவறிவிடும். எம்.ஆர்.ஐ. அறைக்குள் கொண்டு போனால் கதை முடிந்தது. விழும் ஒளித் துகள்களில் நூற்றுக்கு 25 போலத்தான் எலக்ட்ரானாக மாறும். மீதி வீண்.

மங்கலான விளக்கு, அதில் வரும் வெளிச்சத்திலும் முக்கால்வாசி வீண். பெரியம்மாவின் தோள் வலியில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

அட்டையில் ஓட்டை

டியூபுக்குப் பதிலாக சிலிக்கான். 1990-களில் ரஷ்ய ஆய்வாளர்கள் முன்னெடுத்த யோசனை, சிலிக்கான் ஃபோட்டோமல்டிப்ளையர் என்று பெயர்.

இதைப் புரிந்துகொள்ள ஜக்கார்டு பெட்டியைப் பார்த்தால் போதும். தறிக்கு மேலே அட்டைகள் வரிசையாகத் தொங்கும். ஒவ்வொரு அட்டையிலும் ஓட்டைகள். ஓட்டை இருந்தால் அந்த இழை தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. பாதி தூக்குவது என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு ஓட்டையும் ஆமாம் அல்லது இல்லை என்று மட்டும்தான் சொல்லும். ஆனால் எல்லா ஓட்டையும் சேர்ந்தால் முந்தானையில் மயிலும் யாளியும் வந்துவிடும்.

சிலிக்கான் சென்சாரும் அப்படித்தான். 3 மில்லிமீட்டர் சதுரச் சில்லு. அதற்குள் ஒரு வரிசைக்கு 60 வீதம், 60 வரிசை, மொத்தம் 3600 நுண் கட்டங்கள் (இது ஒரு மாதிரி அளவு, கூடக் குறைய இருக்கும்). ஒவ்வொரு கட்டமும் விளிம்பில் நிற்கும் ஆள் மாதிரி. ஒரே ஒரு ஒளித்துகள் தொட்டால் போதும், சரிந்துவிடும். அந்தச் சரிவில் பத்து லட்சம் எலக்ட்ரான் அளவுக்கு மின்னோட்டம் வரும். உடனே பக்கத்திலிருக்கும் ஒரு சின்ன மின்தடை அதை அடக்கி, மறுபடியும் விளிம்பில் நிறுத்திவிடும். ஒரு கட்டம் ஒரு துகளா பத்துத் துகளா என்றெல்லாம் சொல்லாது. விழுந்ததா இல்லையா, அவ்வளவுதான். எத்தனை கட்டம் விழுந்தது என்று கூட்டினால் எவ்வளவு வெளிச்சம் என்று தெரிந்துவிடும்.

இதற்கு 30 முதல் 60 வோல்ட் போதும். காந்தத்தைப் பற்றிக் கவலை இல்லை. விழும் ஒளியில் நூற்றுக்கு 40, 50 வரை பிடிக்கும். நகத்தைவிடச் சின்னது.

இதில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. சிலிக்கானுக்கு வெயில் ஆகாது. சூடு ஏறினால் ஒளியே விழாமல் சில கட்டங்கள் தானாகச் சரிந்து, வெளிச்சம் வந்ததாகப் பொய் சொல்லும். ஒரு கட்டம் சரியும்போது பக்கத்துக் கட்டத்தையும் இழுத்துக்கொண்டு விழுவதும் உண்டு. ஒவ்வொரு டிகிரிக்கும் சரியும் வோல்ட்டேஜ் கொஞ்சம் நகரும், அதைப் பின்தொடர்ந்து சரி செய்துகொண்டே இருக்க வேண்டும். அக்கினி நட்சத்திரத்தில் ஏ.சி. நின்றால் பெரியப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தறியில் உட்கார்ந்துவிடுவார். சிலிக்கான் உட்காராது.

மேலே சொன்ன வசதிகளில் மிகப் பெரியது வேகம். இரண்டு காமா கதிர் எதிரெதிராகக் கிளம்பும் என்று பார்த்தோம். அணு நடுவில் இல்லாமல் ஒரு பக்கமாக இருந்தால், அந்தப் பக்கத்துக் கதிர் கொஞ்சம் முன்னால் வந்து சேரும். அந்த "கொஞ்சம்" எவ்வளவு என்று அளந்தால், கோட்டில் எந்த இடம் என்றே சொல்லிவிடலாம். ஆனால் ஒளி ஒரு நானோ விநாடியில் 30 சென்டிமீட்டர் ஓடிவிடும். டியூப் வைத்த நல்ல கருவிகளில் நேரத் துல்லியம் 540 பிக்கோ விநாடி அளவில் இருந்தது. அதாவது இடத்தில் 8 சென்டிமீட்டர் சந்தேகம். 2018-ல் வந்த சீமென்ஸ் பயோகிராஃப் விஷன் கருவியில், சிலிக்கான் சென்சார்களோடு, அது 214 பிக்கோ விநாடி. சந்தேகம் 3 சென்டிமீட்டர் சொச்சம். அதற்கு முன்பே பிலிப்ஸ் 2013-லும், எம்.ஆர்.ஐ.யோடு சேர்த்து ஜி.இ. 2014-லும் சிலிக்கான் வைத்த பெட் கருவிகளைக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஒவ்வொரு கதிரும் கூடுதலாகச் சொல்கிறது என்றால், குறைவான கதிர்கள் போதும். குறைவான கதிர்கள் போதும் என்றால், ஒன்று மருந்தைக் குறைக்கலாம், இல்லை நேரத்தைக் குறைக்கலாம்.

1979-லிருந்து 2019 வரை

பெரியம்மா அத்தி வரதரை இரண்டு முறை பார்த்தவர். 1979-ல் ஒன்பது வயதில், அப்பாவின் தோளில் உட்கார்ந்து. 2019-ல் வரதராஜப் பெருமாள் கோயில் வரிசையில் ஆறு மணி நேரம் நின்று, ஆபரேஷன் ஆன கையோடு. நடுவில் நாற்பது வருஷம் அத்தி மரத்துப் பெருமாள் அனந்தசரஸ் குளத்துக்குள் இருந்தார்.

அவர் உள்ளே போனபோது உலகத்துக் காமா கேமராக்களில் இருந்தவை கண்ணாடி டியூப்கள். வெளியே வந்தபோது பெட் கருவிகளில் சிலிக்கான் வந்துவிட்டிருந்தது. காஞ்சிபுரத்தில்கூடக் கதிரைப் பார்க்கும் சென்சார்கள் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டன. நகைக்கடையில் மோதிரத்தை ஒரு பெட்டிக்குள் வைத்து மூடி, அரை நிமிஷத்தில் எத்தனை காரட் என்று சொல்கிறார்களே, அதே எக்ஸ்ரே முறையில் ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, செம்பு எவ்வளவு என்றும் பார்க்கலாம். அப்படிப்பட்ட பல கருவிகளில் கதிரைப் பிடிப்பது ஒரு சிலிக்கான் சில்லுதான். புடவையில் இருக்கும் வெள்ளியைப் பார்க்க முடிகிறது. புடவை நெய்கிறவரின் தோளைப் பார்க்க சென்னைக்குப் போக வேண்டியிருந்தது.

இந்த ஊருக்கும் இந்த நோய்க்கும் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா, முதலமைச்சராக இருக்கும்போதே உணவுக்குழாய்ப் புற்றுநோய் வந்து, 1968 செப்டம்பரில் ஆபரேஷனுக்காக நியூயார்க் வரை போனார். 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி காலமானார். அதே 1969-ல் அவர் பெயரில் காரப்பேட்டையில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. அப்போது முதலமைச்சருக்கே நியூயார்க். ஐம்பது வருஷம் கழித்து, தார் சுற்றும் ஒரு பெண்ணுக்கு சென்னை. தூரம் எவ்வளவோ குறைந்திருக்கிறது. மீதி 75 கிலோமீட்டர்.

75 கிலோமீட்டர் என்றால் என்ன?

இப்போது பெரியம்மாவின் இரண்டாவது கேள்வி. மிஷின் நம்ம ஊருக்கு வராதா?

மிஷினை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்துவிடலாம். மருந்து தினமும் வர வேண்டும். சென்னைப் பக்கம் ஒரு சைக்ளோட்ரானில் காலையில் செய்து வண்டியில் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். டிராஃபிக்கோடு சேர்த்து இரண்டு மணி நேரம். 100 பங்கு கிளம்பினால் 47 பங்கு வந்து சேரும். பாதிக்கும் குறைவு. மீதி எல்லாம் பூந்தமல்லிக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் நடுவில் கற்பூரமாகப் போய்விட்டது. அந்த 47-ஐ வைத்து ஒருவருக்கு ஊசி போட்டு, அவர் இருபது நிமிஷம் படுத்து எழுவதற்குள் அடுத்தவருக்கான பங்கும் குறையும். லிஸ்டில் கடைசியாக இருப்பவருக்கு, "வியாழக்கிழமை வாங்கம்மா."

இங்கேதான் அந்த நகத்தைவிடச் சின்ன சில்லு உள்ளே வருகிறது. மருந்து பாதி இருந்தாலே போதும் என்று ஒரு கருவி சொன்னால், அது ஒரு அரை ஆயுளை மிச்சப்படுத்துகிறது. ஒரு அரை ஆயுள் என்பது 110 நிமிஷம். 110 நிமிஷம் என்பது கிட்டத்தட்ட சென்னையிலிருந்து காஞ்சிபுரம். இரண்டு மடங்கு கூர்மையான கண் என்பதை ஆய்வுக் கட்டுரையில் சதவிகிதமாக எழுதுவார்கள். காஞ்சிபுரத்தில் அது 75 கிலோமீட்டர். நாலு மடங்கு என்றால் இன்னும் ஒரு 75 கிலோமீட்டர். பஸ் பிடித்துப் போகிற ஒவ்வொரு ஊரையும் சைக்ளோட்ரானுக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு வருகிற வேலை அது.

மருந்தைக் குறைக்காமல் நேரத்தைக் குறைத்தாலும் லாபம்தான். ஒருவருக்கு இருபது நிமிஷம் பத்தானால் கடைசி ஆளின் பங்கு காத்திருந்து கரையாது.

பழைய டெக்னீசியம்-99எம் இந்தப் பிரச்சினையை வேறு விதமாகத் தீர்த்தது. அதற்கு அரை ஆயுள் 6 மணி நேரம்தான், ஆனால் அதன் தாய் மாலிப்டினம்-99-க்கு 66 மணி நேரம். தாயை ஒரு ஈயப் பெட்டிக்குள் வைத்து ஊருக்கு அனுப்பிவிட்டால், தினமும் காலையில் பால் கறக்கிற மாதிரி டெக்னீசியத்தைக் கறந்துகொள்ளலாம். காமா கேமரா சின்ன ஊர்களுக்குப் போக முடிந்தது இதனால்தான். அமெரிக்காவில் டிஜிராட் என்ற நிறுவனம், டியூபுக்குப் பதில் சிலிக்கான் ஒளி டையோடு வைத்த சின்னக் காமா கேமராவை வேனில் ஏற்றிக்கொண்டு டாக்டர்களின் கிளினிக்குக்கே போனது. மாடு இருந்தது, கேமரா இலேசானது, வண்டி கிளம்பிவிட்டது. எஃப்.டி.ஜி.க்கு அப்படி ஒரு மாடு இல்லை. அதனால் கண்ணைக் கூர்மையாக்குவது ஒன்றுதான் வழி.

சென்சார் மட்டும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல முடியாது. படிகம் விலை அதிகம், கருவி பல கோடி. ஈயம் வைத்த சுவர் வேண்டும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி வேண்டும், படிக்கத் தெரிந்த டாக்டரும் அளக்கத் தெரிந்த இயற்பியலாளரும் அந்த ஊரிலேயே இருக்க வேண்டும். புதிய கருவிகள் நன்றாக இருப்பதற்குச் சில்லு மட்டும் காரணமும் இல்லை. படிகங்களும் மின்னணுவியலும் கணக்குப் போடும் முறையும் சேர்ந்துதான். ஆனால் கற்பூரம் கரைவதற்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்றால், முதலில் பார்க்கிற கண் நன்றாக இருக்க வேண்டும்.

மூன்று மாதம் கழித்து

2020 ஜனவரி, பொங்கல் முடிந்த வாரம். தறி இன்னொரு நாள் நின்றது. இந்த முறை சென்னையிலேயே வேறொரு சென்டர். அவன் விசாரித்து, சிலிக்கான் சென்சார் வைத்த புதிய கருவி இருக்கும் இடமாகப் பார்த்துப் பதிவு செய்திருந்தான். பெரியம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப் போகிறது, கையைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

உள்ளே போனவர் சீக்கிரமே வெளியே வந்துவிட்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை, சந்தேகம்.

"என்னடா, அதுக்குள்ள போகச் சொல்லிட்டாங்க? கை வலிக்க ஆரம்பிக்கறதுக்குள்ள முடிஞ்சிருச்சுன்றாங்க. போன தடவை அவ்ளோ நேரம் எடுத்தாங்க. இவங்க ஒழுங்கா எடுத்தாங்களா?"

அவன் 214 பிக்கோ விநாடியைப் பற்றி வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

"பெரிம்மா, போன தடவை பாத்த மிஷினுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். நாலு இழை போனா ஒண்ணுதான் அதுக்குத் தெரியும். அதான் நிறைய நேரம் பாத்துச்சு. இதுக்கு ரெண்டு தெரியும்."

"அப்போ இது சின்ன வயசு கண்ணுன்னு சொல்லு."

"அப்படியே வெச்சுக்கோ."

ரிப்போர்ட் மறுநாள் சாயங்காலம் வந்தது. தோள் பக்கத்தில் ஒன்றும் இல்லை. அவன் ஃபோனில் படித்துச் சொன்னபோது, மறுமுனையில் பெரியம்மா ஒரு நிமிஷம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் தறி அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. பெரியப்பா எழுந்து ஃபோன் பக்கத்தில் வந்திருப்பார்.

"நல்லா இருக்குன்னு சொல்றான்" என்று பெரியம்மா அவரிடம் சொன்னார். அப்புறம் ஃபோனில், "சரிடா கண்ணு, வெச்சிடறேன். கரை பாதியில நிக்குது."